கண்ணைத் தேடும் கருவி

ஒளிப்படக் கலையின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கண்ணாடித் தட்டுப் போய்ப் பிலிம் சுருள் வந்தது. பிலிம் சுருள் போய் ஒளியுணரி வந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய கருவியோடு வாழ்ந்தவர்கள் கலை அழிந்ததென்று வருந்தினர். புதிய கருவியைக் கையிலெடுத்தவர்கள் கலை இனித்தான் தொடங்குகின்றதென்று மகிழ்ந்தனர். இவ்விரு சாராரும் கேட்கத் தவறிய வினா ஒன்றுண்டு. மனிதன் செய்துவந்த ஒரு வேலையைக் கருவி தன்மேல் ஏற்றுக்கொள்ளும்போது மனிதனிடம் எஞ்சி நிற்கும் வேலை யாது என்பதே அவ்வினா. யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர், 2024ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்தில், இவ்வினாவை ஒரு கிழமை முழுவதும் தோளிற் சுமந்து திரிந்தார்.

ஆசிரியருக்குப் படம் எடுக்கும் பழக்கம் புதியதன்று. 1978ஆம் ஆண்டில், தமது முதற் சம்பளங்களை மிச்சம் பிடித்து, 35 மில்லிமீற்றர்க் கமரா ஒன்றை அவர் வாங்கியிருந்தார். அது முற்றிலும் பொறிமுறையால் இயங்குவது. அதன் ஒளிமானிக்கு மாத்திரமே சிறு பற்றரி ஒன்று தேவைப்பட்டது. 1990களில் வடபகுதிக்கு விதிக்கப்பட்டிருந்த பொருளாதாரத் தடையிற் பற்றரிகளும் அடங்கியிருந்தன. ஒளிமானி செயலற்றுப் போகவே, வெயிலையும் நிழலையும் கண்ணால் மதிப்பிட்டுப் படமெடுக்க அவர் பழகிக்கொண்டார். 36 படங்கள் கொண்ட ஒரு சுருள் அக்காலத்தில் அவருக்கு ஆறு மாதங்களுக்குப் போதுமாயிருந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார். படத் தொகுப்புகள் பாரமாக இருந்தமையால் அவற்றை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுச் சென்றார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, தொகுப்புகளும் இல்லை. கருவி மிஞ்சியது, அது கண்டவை மிஞ்சவில்லை.

ரொறன்ரோவிற் கல்யாணப் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்ட அவரது தங்கையின் மகன் திருவிழாவுக்கு வந்திருந்தான். அவனிடம் தொழில்முறைக் கமராக்கள் இரண்டு இருந்தன. மனைவியின் உறவினரைப் பார்க்க மட்டக்களப்புக்குப் புறப்படும்போது ஒன்றை மாமனிடம் விட்டுச் சென்றான்.

“மாமா, இதை ஒரு கிழமைக்கு வைச்சுப் பாருங்கோ. நீங்கள் பெரிசா ஒண்டும் செய்யத் தேவையில்லை. எல்லாத்தையும் இதுவே பாத்துக்கொள்ளும்.”

“எல்லாத்தையும் இதுவே பாத்துக்கொண்டால் நான் என்னத்துக்குத் தம்பி?”

மருமகன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். ஆசிரியரோ தாம் கேட்டதை வேடிக்கையாகக் கருதவில்லை.

இங்கு அக்கருவியின் அமைப்பைச் சிறிது விளக்குதல் பொருத்தமாகும். ஆசிரியரின் பழைய கமராவில், வில்லையினூடு வரும் ஒளி 45 பாகை சாய்ந்து நிற்கும் ஆடியொன்றிற் பட்டு மேலெழுந்து, ஐங்கோண அரியத்தினுள் திரும்பிக் கண்ணை அடையும். பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே தூக்கப்படும், ஷட்டர் திறக்கும், ஒளி பிலிமிற் படும். அக்கணத்தில் ஆடி விலகியிருப்பதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. 1954ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த அசாகிபிளெக்ஸ் கமராவிலேயே ஆடி உடனடியாகத் தன்னிடத்துக்கு மீளும் அமைப்பு முதன்முதலிற் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. 1959இல் வந்த நிக்கொன் எவ் அவ்வமைப்பைத் தொழில்முறையாளரின் கைகளிற் சேர்த்தது. ஆயினும் கணநேர இருள் நீங்கவில்லை. ஆடி கொண்ட கமராவுடன் வாழ்ந்த ஒளிப்படக்காரர் தாம் பதிவுசெய்த கணத்தைத் தம் கண்ணாற் கண்டதில்லை. அதற்குச் சற்று முன்னையதையும் பின்னையதையுமே கண்டனர்.

ஆடியற்ற கமராவில் இவ்விருளுக்கு இடமில்லை. ஒளி நேரே உணரியிற் படுகின்றது. உணரி காண்பதைப் பார்வைத்துளையினுள் இருக்கும் சிறு மின்னியல் திரை காட்டுகின்றது. வில்லை மாற்றக்கூடிய இவ்வகைக் கமராவைப் பனசொனிக் நிறுவனம் 2008இல் வெளியிட்டது. முழுச் சட்ட உணரியுடன் சொனி நிறுவனத்தின் ஏ7 2013இல் வந்தது. 2021இல் அறிமுகமான நிக்கொன் இசட்9 பொறிமுறை ஷட்டரையே கைவிட்டு, மின்னியல் ஷட்டரை மாத்திரம் கொண்டதாய் அமைந்தது. மருமகன் விட்டுச் சென்ற கமராவும் இப்புதிய தலைமுறையைச் சேர்ந்ததே. 4 கோடிக்கு மேற்பட்ட பிக்சல்கள், ஒரு செக்கனுக்கு 20 படங்கள், மனிதரையும் விலங்குகளையும் பறவைகளையும் வாகனங்களையும் தானே இனங்கண்டு பின்தொடரும் ஆற்றல் ஆகியன அதற்கிருந்தன.

முதலாம் நாள் மாலை ஆசிரியர் பண்ணைப் பாலத்தருகே நிலக்காட்சி எடுக்கச் சென்றார். கடனீரேரியின் மேல் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பார்வைத்துளையிற் கண்ணை வைத்தவர் திகைத்துப்போனார். எடுக்கப்போகும் படம், அதன் ஒளியளவும் நிறமும் உட்பட, எடுக்கு முன்னரே அங்கு தெரிந்தது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞரான அன்சல் அடம்ஸ், 1927இல் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கின் பாறைமுகமொன்றைப் படமாக்கியபோது, தம் மனத்திற் கண்ட கரிய வானத்தைப் பெறும்பொருட்டு மஞ்சள் வடிப்பானை அகற்றிச் செந்நிற வடிப்பானை மாட்டி இரண்டாந் தடவை எடுத்தார் என்பது ஒளிப்பட வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. முடிவுற்ற படத்தை முன்கூட்டியே மனத்திற் காணல் என்பதை அவர் தம் கலையின் அடிப்படையாகப் பின்னர் விளக்கினார். அம்மனக்காட்சியைக் கருவியே இப்போது எவர்க்கும் தந்துவிடுகின்றதோ என்று ஆசிரியருக்குத் தோன்றியது.

ஆனால் அன்று பொழுது மங்க மங்க வேறொன்று புலனாயிற்று. கண்ணுக்கு எதிரே கடனீரேரி இருண்டு, மீனவரின் விளக்குகள் மாத்திரம் தெரியத் தொடங்கின. பார்வைத்துளையிலோ பொழுது சாயவில்லை. கருவி சமிக்ஞையைப் பெருக்கிப் பெருக்கி இருட்டைப் பகலாக்கிக்கொண்டிருந்தது. அது காட்டியது தவறான படமென்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தடியும் ஒவ்வொரு தோணியும் துலக்கமாகவே இருந்தன. எனினும் அது அந்த மாலைநேரமாக இருக்கவில்லை. ஆசிரியர் ஒளியளவை மூன்று படிகள் குறைத்தார். திரை இருண்டது, விளக்குகள் எழுந்தன. கருவி காட்டுவது அதன் ஊகமே. அந்த ஊகத்தை ஏற்பதா மறுப்பதா என்பது எதிரே நிற்கும் பொழுதை அறிந்தவனையே சார்ந்தது. அன்றிரவு அவர் தம் குறிப்பேட்டில் ‘இருட்டை இருட்டாக விடவேண்டும்’ என்று மாத்திரம் எழுதினார்.

மறுநாள் விடியற்காலை மண்டைதீவுப் பக்கமாகப் பறவைகளைத் தேடிச் சென்றார். மீன்பிடிக்காக நீரில் நடப்பட்டிருந்த தடியொன்றில் மீன்கொத்தி ஒன்று வந்தமர்வதும் பாய்வதுமாக இருந்தது. நீள்வில்லையைத் திருப்பியதும் சிறு சதுரமொன்று பறவையின் கண்ணிற் சென்று ஒட்டிக்கொண்டது. பறவை தலையைத் திருப்பியபோதும் அது விடவில்லை. பழைய கமராவிற் குவியத்தைக் கையாற் சரிசெய்து முடிப்பதற்குள் இப்பறவை மூன்று தடவை பறந்து போயிருக்கும். இதனினும் வியப்புக்குரிய வசதியொன்றையும் மருமகன் காட்டித் தந்திருந்தான். பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருக்கையிற் கருவி இடைவிடாது படங்களைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டேயிருக்கும். முழுவதும் அழுத்தியதும், அழுத்துவதற்கு முந்திய கணத்தின் படங்களையும் நிலையாகப் பதிவுசெய்துவிடும். ஒலிம்பஸ் நிறுவனம் 2016இல் தனது கமராவொன்றில் இவ்வசதியைத் தந்தது. பின்னர் ஏனையோரும் தந்தனர்.

பறவை பாய்ந்ததைக் கண்டு மூளை விரலுக்குக் கட்டளையிட ஏறத்தாழ ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கு செல்லும். பறவைக்கு அது போதிய காலம். ஆசிரியர் அழுத்தியபோது தடி வெறுமையாகவே இருந்தது. ஆனாற் பதிவாகியிருந்த படங்களில், கால்கள் தடியை விட்டு நீங்கும் அக்கணம், சிறகு விரிப்பின் ஒவ்வோர் இறகும் தெரிய நின்றது. அவர் மகிழவேண்டிய இடத்திற் சங்கடப்பட்டார். விரல் அழுத்துமுன் எடுக்கப்பட்ட படத்தை எடுத்தவர் யார்? கணத்தைத் தெரிந்தெடுப்பதே ஒளிப்படக்காரனின் தனித்துவமென்று கார்ட்டியே பிரெசோன் காலத்திலிருந்து நம்பப்பட்டு வந்துள்ளது. அக்கணத்தை இப்போது வீட்டில் அமர்ந்து, நூறு படங்களுள் ஒன்றாகத் தெரிந்தெடுக்கலாம். நெடுநேரம் சிந்தித்தபின் ஆசிரியர் ஒரு முடிவுக்கு வந்தார். அத்தடிக்கே பறவை திரும்பத் திரும்ப வரும் என்பதை இரண்டு மணித்தியாலம் நீரோரம் நின்று கண்டறிந்தது கருவியன்று. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பனவற்றை அது எவரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் திருநெல்வேலிச் சந்தையில் இவ்வினா அறவியல் வடிவம் பெற்றது. பழைய கமராவின் ஷட்டர் ஓசை சந்தை இரைச்சலிலும் கேட்கக்கூடியது. ஆடி எழுந்து விழும் அவ்வோசை, எடுக்கப்பட்டவருக்கு விடுக்கப்படும் ஓர் அறிவித்தலாகவும் இருந்தது. புதிய கருவியில் ஓசையே இல்லை. மரக்கறி விற்கும் வயோதிபப் பெண்ணொருவர் காசு எண்ணிக்கொண்டிருந்த காட்சியை ஆசிரியர் முப்பது படங்களாக எடுத்து முடித்தபின், அவர் நிமிர்ந்து, “எடுக்கப் போறீங்களோ ஐயா? பொறுங்கோ, சீலையைச் சரிபண்ணுறன்” என்றார். ஆசிரியருக்கு முகம் சுருங்கியது. “எடுங்கோ” என்ற சொல்லுக்காகக் காத்திருந்து, அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்து நிமிர்ந்து அமர்ந்தபின் ஒரேயொரு படம் எடுத்தார். முன்னைய முப்பதும் கலைநயத்தில் இதனினும் சிறந்தனவாக இருக்கலாம். அவற்றை அங்கேயே அழித்துவிட்டு, எஞ்சிய ஒன்றை அப்பெண்ணுக்குக் காட்டினார். ஓசையை நீக்கிய கருவி, கேட்கும் கடமையை நீக்கவில்லை; அதை முழுமையாக மனிதன்மேற் சுமத்திவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

நான்காம் நாள் இரவு நல்லூர் வீதியில் கருவி ஒருமுறை தடுமாறியது. மின்விளக்குத் தோரணங்களின் கீழ் நடந்துசெல்லும் மக்களை எடுத்த படங்களிற் கரிய பட்டைகள் குறுக்கே ஓடின. ஆசிரியருக்கு இதன் காரணம் விரைவில் விளங்கிற்று. நமது மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்றுகள் கொண்டது. அதனால் மலிவான விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை ஒளிர்ந்து மங்குகின்றன. உணரியோ காட்சியை ஒரே கணத்திலன்றி வரிசை வரிசையாக வாசிக்கின்றது. ஷட்டர் நேரம் மிகக் குறுகியதாயின் சில வரிசைகள் விளக்கு ஒளிரும்போதும் சில அது மங்கும்போதும் வாசிக்கப்படும். ஷட்டர் நேரத்தைச் செக்கனின் 100இல் ஒரு பங்காக மாற்றியதும் ஒவ்வொரு வரிசையும் ஒரு முழு ஒளிர்வைப் பெற்றது, பட்டைகள் மறைந்தன. முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய பாடம் அன்று வீதியிற் பயன்பட்டதையிட்டு அவர் சிறுபிள்ளைபோல் மகிழ்ந்தார்.

ஐந்தாம் நாள் வீட்டு முற்றத்தில் மனைவியைப் படமெடுக்க முனைந்தார். பனம்பழக் காலமாகையால் அவர் பனங்களியைப் பாயிற் பரவிப் பனாட்டுக்குக் காயவிட்டுக்கொண்டிருந்தார். களி படிந்த அக்கைகளையே ஆசிரியர் எடுக்க விரும்பினார். சதுரமோ முகத்தை நோக்கி ஓடிக் கண்ணிற் குந்திக்கொண்டது. கைக்கு இழுத்தால் மீண்டும் கண்ணுக்கு ஓடியது. உருவப்படமென்றால் கண்ணே கூர்மையாயிருத்தல் வேண்டுமென்ற பொதுவிதியை எவரோ அதற்குக் கற்பித்திருந்தனர். இவ்விதிக்குக் கட்டுப்படாத யூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டவர். கூர்மையற்ற குவியத்துக்காகத் தம் காலத்தவராற் கண்டிக்கப்பட்ட அவர், காட்சி தமக்கு அழகாகத் தோன்றிய இடத்தில் வில்லையைத் திருப்புவதை நிறுத்திக்கொண்டதாக எழுதியுள்ளார். இன்று அவருடைய படங்கள் போற்றப்படுவது அந்த நிறுத்தத்துக்காகவே. ஆசிரியர் கண்தேடும் வசதியை அணைத்துவிட்டு, கையால் வளையத்தைத் திருப்பி, கைகளை எடுத்தார்.

இவ்வாறு ஐந்து நாள்களில் அவர் ஏறத்தாழ ஒரு தெளிவுக்கு வந்திருந்தார். குவியம், ஒளியளவு, கணம் ஆகிய மூன்றையும் கருவி ஏற்றுக்கொண்டுவிட்டது; எங்கே நிற்பது, யாரிடம் கேட்பது, எதை விடுவது என்பன மனிதனிடம் எஞ்சியுள்ளன. இத்தெளிவோடு கமராவைத் துடைத்துப் பையில் வைக்க எண்ணியிருந்தபோதுதான் அயல்வீட்டு அக்கா வந்தார்.

அக்காவின் கையிற் பழைய கடிதவுறையொன்று இருந்தது. அதனுள் அவருடைய மகனின் படம். 2006ஆம் ஆண்டு, அவனுக்குப் பதினாறு வயதானபோது, தேசிய அடையாள அட்டைக்காக எடுத்தது. அடுத்த ஆண்டு வேலைக்குப் போன பிள்ளை திரும்பவில்லை. குழந்தைப் பருவத்துப் படங்கள் 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விற் போய்விட்டன. அடையாள அட்டைப் படத்தின் ஏனைய பிரதிகள் விண்ணப்பங்களோடும் விசாரணைகளோடும் ஒவ்வொன்றாகச் சென்றுவிட்டன. எஞ்சியது இதுவொன்றே. அதிலும் ஒரு மூலையிற் கம்பி குத்திய துளையும் துருவும் இருந்தன. தோள்மேல் ஏதோவொரு முத்திரையின் அரைவட்டம் பதிந்திருந்தது.

“நல்ல கமரா வந்திருக்கெண்டு தங்கச்சி சொன்னா. இதைப் பெரிசாக்கித் தருவீங்களோ மாஸ்டர்?”

படத்தைப் படமெடுத்தல் ஒளிப்பட வகைகளுள் மிக எளியதென்று கருதப்படுவது. ஆசிரியர் யன்னலோரம் மேசையைப் போட்டு, படத்தைக் கறுப்புத் துணிமேற் கிடத்தி, ஒளி பக்கத்திலிருந்து சாய்வாக விழுமாறு அமைத்து, கமராவை முக்காலியில் மேலிருந்து கீழ்நோக்கிப் பொருத்தினார். கண்தேடும் வசதியை மனைவியைப் படமெடுத்த பின்னர் மீண்டும் இயக்கிவிட்டிருந்ததை அவர் மறந்திருந்தார். திரையை இயக்கியதும் அச்சிறு சதுரம் தோன்றி, ஒரு கணம் அலைந்து, காகிதத்திலிருந்த இளைஞனின் இடது கண்ணிற் போய் நின்றது.

அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா மெதுவாகச் சொன்னார்: “பாருங்கோ மாஸ்டர், இது அவனைக் கண்டிட்டுது.”

ஆசிரியர் பதில் கூறவில்லை. உயிருள்ள கண்ணையும் காகிதக் கண்ணையும் கருவி வேறுபடுத்தி அறியாது என்பதை அவர் விளக்கியிருக்கலாம். ஒளியும் நிழலும் குறித்த ஒழுங்கில் அமைந்தால் அது எங்கும் கண்ணைக் காணும் என்பது அவருக்குத் தெரியும். பதினேழு ஆண்டுகளாக எத்தனையோ மேசைகளின் முன் நின்று அப்பிள்ளையைக் கண்டீர்களா என்று கேட்டுவந்த தாய்க்கு அவ்விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவர் சதுரத்தை அணைக்கவில்லை; அது நின்ற இடத்திலேயே குவியத்தை விட்டுப் படமெடுத்தார்.

கணினித் திரையிற் பெருப்பித்துப் பார்த்தபோது கருவியின் வலிமையும் எல்லையும் ஒருங்கே தெரிந்தன. துருவின் ஒவ்வொரு துகளும் காகித நாரும் முத்திரை மையின் கசிவும் அற்புதமாகத் துலங்கின. முகம் மாத்திரம், அச்சிறு காகிதம் எவ்வளவைக் காத்து வைத்திருந்ததோ அவ்வளவே வந்தது. 4 கோடிப் பிக்சல்களாலும் 2006ஆம் ஆண்டின் அந்தச் சிறு அச்சில் இல்லாதவொன்றைச் சேர்க்க இயலவில்லை. துளையையும் துருவையும் ஆசிரியர் கணினியில் நீக்கினார். முத்திரையை நீக்கவா என்று கேட்டபோது, அது கிடக்கட்டும், அதுவும் அவன் இருந்ததற்கு ஒரு சாட்சிதானே என்றார் அக்கா. முகத்தில் ஆசிரியர் எதையும் திருத்தவில்லை.

ஸ்ரூடியோவில் அச்சிடக் கொடுத்தபோது, இத்தகைய பெருப்பித்த படங்களுக்கு வழமையாகக் கேட்கப்படும் கேள்வி கேட்கப்பட்டது. தோற்றம், மறைவு என்று கீழே திகதிகள் போடவேண்டுமா? அக்கா உடனே தலையசைத்து மறுத்தார். பெயர் மாத்திரம் போதும் என்றார். படம் இப்போது அவருடைய வீட்டு முன்னறையில், வாசலைப் பார்த்தபடி இருக்கின்றது. அதற்கு மாலையோ பொட்டோ இல்லை.

மருமகன் மட்டக்களப்பிலிருந்து திரும்பியதும், கமரா எப்படியென்று கேட்டான். “நல்ல சாமான் தம்பி. கண்ணை நல்லாத் தேடுது” என்று கூறி ஆசிரியர் அதை ஒப்படைத்தார். ஒரு கிழமையில் எடுத்த 3,000க்கு மேற்பட்ட படங்களுள் அவர் வைத்துக்கொண்டவை பதினொன்று. அவற்றின் பிரதிகளை இம்முறை ஒரே அலுமாரியில் வைக்கவில்லை. ஒன்றை வீட்டிலும், ஒன்றை மகளிடமும், ஒன்றை ரொறன்ரோவிலுமாக மூன்று இடங்களில் வைத்திருக்கின்றார்.